வாக்குச்சீட்டில் அச்சாகாத பெயர்

கலிஃபோர்னியாவில் தேர்தல் வரும்போதெல்லாம் சான்ட்டா கிளாரா கவுண்டித் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி.) தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, கவர்னர், சட்டமன்றம், பள்ளி வாரியம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வருவார்கள். 'சுப்பீரியர் கோர்ட் நீதிபதி, பதவி எண் இன்னது' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். இரண்டு பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் அவர் பார்க்கும் வேலை, ஒற்றை வரியில். கட்சி இல்லை, சின்னம் இல்லை. "இதுல யாருக்குப் போடுறது?" என்று வாட்ஸாப் குழுவில் கேட்பார்கள். யாருக்கும் தெரியாது. பலர் அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டு உறையை ஒட்டிவிடுவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு கேள்வி. சுப்பீரியர் கோர்ட் என்பது கவுண்டியின் விசாரணை நீதிமன்றம். இந்தக் கவுண்டியில் அதற்கு ஏறத்தாழ எண்பது நீதிபதிகள் இருக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வருகிறது என்றால், ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்குப் பேர், அதாவது இருபத்தைந்து பேரளவில், மக்கள் முன் வந்து நிற்க வேண்டும். வாக்குச்சீட்டில் ஒன்றோ இரண்டோ இடங்களுக்குத்தான் பெயர் இருக்கிறது. மற்றவர்கள் எங்கே போனார்கள்?

அவர்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார்கள். நம்மூர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் 'அன்னப்போஸ்ட்' என்போமே, அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. நம்மூரில் எதிர்த்து யாரும் நிற்காமல் ஒருவர் ஜெயித்தால் ஊருக்கே தெரியும். இங்கே அந்த வெற்றியை வாக்காளர் அறியவே முடியாதபடி சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியா தேர்தல் சட்டம் 8203-ஆம் பிரிவின்படி, பதவியில் இருக்கும் சுப்பீரியர் கோர்ட் நீதிபதியை எதிர்த்து யாரும் மனுத்தாக்கல் செய்யாவிட்டால், அவர் பெயர் வாக்குச்சீட்டில் அச்சாகாது. நவம்பர் பொதுத்தேர்தல் நாளன்று 'மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று தேர்தல் அலுவலர் அறிவித்துவிடுவார். ஒரு ஓட்டுக்கூட விழ வேண்டியதில்லை.

இந்த மாநிலத்தில் நீதிபதி தேர்தல் உண்மையில் நடப்பது ஜூனிலும் இல்லை, நவம்பரிலும் இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு பத்து நாளில், தேர்தல் அலுவலகக் கவுன்ட்டரில் அது முடிந்துவிடுகிறது. நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பது சரியா, தவறா என்று வாதிடுகிற இரு தரப்பும் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நாற்காலிக்குப் போகும் இரண்டு வாசல்கள்

நம்மூரில் சட்டம் படித்தவர் தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாகி, படிப்படியாக மேலே போகலாம். இங்கே அந்த ஏணி கிடையாது. அரசியல் சாசனம் கேட்பது ஒன்றுதான்: தொடர்ந்து பத்து ஆண்டுகள் இந்த மாநில வக்கீலாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது இங்கேயே ஏதாவது நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும். அதன்பின் வாசல் இரண்டு. ஒன்று கவர்னர் நியமனம், மற்றொன்று தேர்தல். பெரும்பாலானவர்கள் முதல் வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அதற்குக் காரணம் பதவி எப்போது காலியாகிறது என்பதுதான். நீதிபதி ஒருவர் பதவிக்காலத்தின் நடுவில் ஓய்வு பெற்றாலோ, இறந்தாலோ, மேல் நீதிமன்றத்துக்குப் போனாலோ அந்த இடத்தைக் கவர்னர் நிரப்புவார். பதவிக்காலம் முடியும் வரை இருந்து, மறுபடி நிற்காமல் விலகினால் மட்டுமே அது மக்களிடம் வரும். கவர்னர் தன் மனதுக்கு உகந்தவர் என்றால், நீதிபதி சில மாதம் முன்னதாகவே ஓய்வு பெற்று இடத்தை அவர் கையில் கொடுக்க முடியும். இதில் சட்டவிரோதம் ஏதும் இல்லை.

நியமனம் கேட்கும் வக்கீல் கவர்னர் அலுவலகத்துக்கு நீண்ட விண்ணப்பம் ஒன்றை நிரப்பி அனுப்புவார். நடத்திய வழக்குகள், எதிர்த்தரப்பு வக்கீல்கள் யார், யார் யார் முன் வாதாடினார் என்று தோண்டித் துருவிக் கேட்பார்கள். கவர்னர் அலுவலகத்துக்கு விருப்பம் இருந்தால் பெயர் மாநில வக்கீல் சங்கத்தின் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். 1979 முதல் சட்டப்படி கட்டாயமான கட்டம் இது. விண்ணப்பதாரரை அறிந்த வக்கீல்களுக்கும் நீதிபதிகளுக்கும் ரகசியக் கேள்வித்தாள் அனுப்பி, நேர்காணல் செய்து, தொண்ணூறு நாளுக்குள் நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுப்பார்கள்: மிகச் சிறந்த தகுதி, நல்ல தகுதி, தகுதி, தகுதியில்லை. 'தகுதியில்லை' என்று சொன்னாலும் கவர்னர் நியமிக்கலாம். ஆனால் அந்த மதிப்பீட்டைப் பொதுவில் வெளியிடும் உரிமை வக்கீல் சங்கத்துக்கு உண்டு. அந்தப் பயம் ஓரளவு வேலை செய்கிறது.

தேர்தல் வாசலில் இந்த வடிகட்டல் எதுவுமே இல்லை. பத்து ஆண்டுப் பதிவும், கட்டணமும், சில கையெழுத்துகளும் இருந்தால் போதும். நியமனமாகி வந்தவரும் கடைசியில் தேர்தலைச் சந்திக்க வேண்டும் என்றுதான் சாசனம் சொல்கிறது. இடம் காலியான பின் வரும் இரண்டாவது ஜனவரி 1-க்கு அடுத்த பொதுத்தேர்தலில் அது நடக்கும். 2024 மார்ச்சில் காலியான இடம் என்றால் 2026 நவம்பர். அப்போதும் எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் பெயர் அச்சாகாது. ஆக, ஒருவர் கவர்னரால் நியமிக்கப்பட்டு, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அன்னப்போஸ்ட்டாக ஜெயித்து, இருபது ஆண்டு கழித்து ஓய்வு பெறும் வரை அவர் பெயரை எந்த வாக்காளரும் வாக்குச்சீட்டில் பார்த்திருக்கவே மாட்டார். இது விதிவிலக்கு அல்ல, வழக்கமே இதுதான்.

எப்படி வந்தாலும் பயிற்சி ஒன்றுதான். பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் ஒரு வார அறிமுக வகுப்பு, ஓராண்டுக்குள் அவர் பார்க்கும் துறைக்கான வகுப்பு, இரண்டு ஆண்டுக்குள் இரண்டு வார நீதித்துறைக் கல்லூரி. வாழ்நாள் முழுக்கக் கிரிமினல் கோர்ட்டிலேயே நின்றவருக்கு முதல் வேலையாகக் குடும்ப வழக்குகளைக் கொடுத்தால் வியப்பில்லை. யார் எந்த அறையில் உட்காருவது என்பதைத் தலைமை நீதிபதி முடிவு செய்வார்.

பத்து நாள்

ஜூனில் பிரைமரி, அதாவது முதல் சுற்றுத் தேர்தல், நடக்கும் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தேர்தலுக்கு 113 நாள் முன்பு வேட்புமனு வாங்கத் தொடங்குவார்கள். நீதிபதிப் பதவிக்கு மட்டும் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. மனுத்தாக்கலின் முதல் நாளுக்குப் பதினான்கு நாள் முன்பு தொடங்கி ஐந்து நாள் முன்பு முடியும் அவகாசத்துக்குள், 'இந்த எண்ணுள்ள பதவிக்கு நிற்க விரும்புகிறேன்' என்று ஒரு அறிவிப்பைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் ஓர் இடத்துக்குத்தான் கொடுக்கலாம். கட்டணம் அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் நூற்றில் ஒரு பங்கு. சம்பளம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் என்பதால் கட்டணமும் இரண்டாயிரத்துக்கு மேல் போகும். திரும்பி வராது. பணத்துக்குப் பதில் கையெழுத்து திரட்டிக் கொடுக்கவும் வழி உண்டு. அறிவிப்பு கொடுக்காதவர் பிறகு எவ்வளவு முயன்றாலும் வேட்புமனு கொடுக்க முடியாது. பதவியில் இருப்பவர் தன் அறிவிப்பைக் கொடுக்கத் தவறினால் மட்டும் மற்றவர்களுக்கு இன்னும் ஐந்து நாள் கிடைக்கும். அதிபர் தேர்தல் ஆண்டில் பிரைமரி மார்ச்சுக்கு வந்துவிடுவதால் இந்தப் பத்து நாளும் முந்தைய ஆண்டின் நவம்பர் தொடக்கத்துக்கே போய்விடும். அந்த வாரத்தில் எந்தச் செய்தித்தாளும் இதை எழுதாது.

பதவியில் இருக்கும் நீதிபதியை எதிர்த்து ஒரு வக்கீல் நிற்பதில் இன்னொரு சிக்கல். தோற்றால் மறுவாரமே அதே நீதிபதி முன்னால், அல்லது அவருடைய நண்பர் முன்னால், கட்சிக்காரருக்காக நிற்க வேண்டும். சட்டத்தில் இதற்கு ஒரு நிவாரணம் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 170.6-ஆம் பிரிவின்படி, காரணமே சொல்லாமல் ஒரு வழக்கில் ஒரு முறை நீதிபதியை மாற்றக் கேட்கலாம். இருந்தாலும் தொழில் நடத்துகிறவர் அதையே நம்பி வாழ முடியாது. அதனால்தான் போட்டியிடுகிறவர்கள் காலியான இடங்களையே தேடிப் போகிறார்கள்.

போட்டி வந்துவிட்டால் எல்லாம் அந்த ஒற்றை வரியில் வந்து நிற்கும். தொழிலைச் சொல்ல மூன்று சொல்லுக்கு மேல் கூடாது என்பது விதி. லாஸ் ஏஞ்சலஸில் அரசு வக்கீல்கள் வெறும் அரசு வக்கீல் என்று போடாமல், கும்பல் கொலை வழக்கு, குழந்தை வன்கொடுமை வழக்கு என்று தாங்கள் நடத்தும் வழக்கின் பெயரையே போட்டுக்கொண்டு ஓட்டு வாங்கினார்கள். ஆறு ஆண்டுக்கு முன் சிவில் வழக்கு நடத்தியவரா, போன ஆண்டு கொலை வழக்கு நடத்தியவரா என்பதா நல்ல நீதிபதிக்கு அடையாளம்? 2018 முதல் சட்டம் மாறியது. அரசு வக்கீல் தன் உண்மையான பதவிப் பெயரையும் எந்தக் கவுண்டி அல்லது நகரம் என்பதையும்தான் போட வேண்டும். நல்ல திருத்தம், தாமதமாக வந்தது.

வாக்காளர் கையேட்டில் அச்சாகும் இருநூறு சொல் அறிக்கைக்கு வேட்பாளரே பணம் கட்ட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய கவுண்டியில் அது பல பத்தாயிரம் டாலர். அதில் எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாது. வழக்குகளில் எப்படித் தீர்ப்பளிப்பேன் என்று வாக்குறுதி கொடுக்கவும் நீதிபதிகளுக்கான நடத்தை விதி அனுமதிக்காது. நன்கொடையிலும் வரம்பு உண்டு. கடந்த ஆறு ஆண்டுக்குள் 1,500 டாலருக்கு மேல் கொடுத்த வக்கீலோ வழக்காடுபவரோ தன் முன் வந்தால் நீதிபதி அந்த வழக்கிலிருந்து விலக வேண்டும். இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது பெயர், அந்த ஒற்றை வரி, பணம் கொடுத்து இடம்பிடிக்கும் 'இவர்களுக்கு ஓட்டுப் போடுங்கள்' அட்டைகள். பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் பிரைமரியிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள்.

2006 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் இது என்ன செய்யும் என்பது தெரிந்தது. ட்ஸின்ட்ரா யானாவ்ஸ் இருபது ஆண்டு நீதிபதி, லாட்வியாவில் பிறந்தவர். கவுண்டி வக்கீல் சங்கம் அவருக்குக் கொடுத்தது மிக உயர்ந்த தரம். எதிர்த்து நின்ற லின் ஓல்சன் பேகல் ரொட்டிக் கடை நடத்திவந்த வக்கீல். அதே சங்கம் அவருக்குச் சொன்னது 'தகுதியில்லை'. ஓல்சன் ஜெயித்தார். வாயில் நுழையாத பெயர்தான் யானாவ்ஸைத் தோற்கடித்தது என்று பலரும் எழுதினார்கள். கவர்னர் ஷ்வார்ஸ்நெகர் உடனே யானாவ்ஸை வேறொரு காலியிடத்தில் மீண்டும் நியமித்தார். ஒரே கவுண்டியில், ஒரே ஆண்டில், மக்கள் வேண்டாம் என்றவரும் நீதிபதி, சங்கம் வேண்டாம் என்றவரும் நீதிபதி. நீண்ட தமிழ்ப் பெயர்களோடு இந்த நாட்டில் வக்கீல் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தச் சேதி புரியும்.

ஜூன் 2, ஜூன் 7

என் கேள்விக்கு இருப்பதிலேயே தெளிவான பதில் இதே சான்ட்டா கிளாரா கவுண்டியில், பாலோ ஆல்ட்டோ நீதிமன்றத்தில் கிடைத்தது. ஏரன் பெர்ஸ்கி அந்தக் கவுண்டியில் பாலியல் குற்ற வழக்குகளை நடத்திய அரசு வக்கீல். 2002-ல் நீதிபதி தேர்தலில் நின்று தோற்றார். அடுத்த ஆண்டே கவர்னர் கிரே டேவிஸ் அவரை நியமித்தார். ஒரு வாசல் மூடினால் இன்னொன்று திறக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2016-ல் அவர் பதவிக்காலம் முடிய இருந்தது. தேர்தல் ஜூன் 7. விருப்ப அறிவிப்புக்கான நாட்கள் பிப்ரவரி 1 முதல் 10 வரை. அவரை எதிர்த்து ஒருவரும் வரவில்லை. மார்ச் 11-ல் வேட்புமனுவும் முடிந்தது. ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் சுயநினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணை வன்கொடுமை செய்த வழக்கில், நீச்சல் வீரர் ப்ராக் டர்னரை மூன்று பெருங்குற்றங்களில் ஜூரி குற்றவாளி என்றது மார்ச் 30-ல். அதாவது வாசல் மூடி பத்தொன்பது நாள் கழித்து.

ஜூன் 2-ல் தண்டனை விசாரணை. சட்டம் அனுமதித்த உச்சம் பதினான்கு ஆண்டு. அரசுத் தரப்பு கேட்டது ஆறு ஆண்டுச் சிறை. நன்னடத்தை அலுவலர்களின் அறிக்கை குறைந்த காலக் கவுண்டிச் சிறையைப் பரிந்துரைத்தது. பாதிக்கப்பட்ட பெண் பன்னிரண்டு பக்க அறிக்கையை நீதிமன்றத்தில் வாசித்தார். பெர்ஸ்கி கொடுத்தது ஆறு மாதக் கவுண்டிச் சிறை, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆயுள் முழுக்கப் பாலியல் குற்றவாளிப் பதிவு. மறுநாள் அந்தப் பெண்ணின் அறிக்கை இணையத்தில் வந்தது. உலகமே படித்தது. நான்கு நாள் கழித்து, ஜூன் 7-ல், அந்தக் கவுண்டி முழுவதும் ஓட்டுப் போட்டது. அந்த நீதிபதியின் பெயரை வாக்குச்சீட்டில் எவ்வளவு தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

தேர்தல் வாரமும் அது. மக்கள் கோபமாகவும் இருந்தார்கள். பதவிக்காலமும் முடிகிறது. மூன்றும் ஒன்றாக வந்தும், 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்ல ஓர் இடம் இல்லை. மிச்சமிருந்தது ஒரு சிறிய சந்துதான். நவம்பர் தேர்தலுக்கு 83 நாள் முன்பு வரை, போதுமான வாக்காளர் கையெழுத்தோடு 'சீட்டில் இல்லாத பெயரை வாக்காளரே எழுதிப் போடும் பிரசாரம் செய்யப்போகிறோம்' என்று மனுக் கொடுத்தால் நீதிபதியின் பெயர் நவம்பர் சீட்டில் அச்சாகும். அந்தச் சந்து இருப்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் மிஷெல் டாபர் தலைமையில் ரீகால் இயக்கம், அதாவது பதவியில் இருப்பவரை மக்கள் ஓட்டால் நீக்கும் முயற்சி, தொடங்கியது. அதற்கும் காத்திருப்பு உண்டு. புதிய பதவிக்காலம் தொடங்கித் தொண்ணூறு நாள் ஆகாமல் ரீகால் நடவடிக்கை எடுக்க முடியாது. பிறகு நோட்டீஸ், பதில், மனுவின் வாசகத்துக்கு ஒப்புதல், கையெழுத்து வேட்டை. எத்தனை கையெழுத்து என்பதில்தான் இந்த அமைப்பின் ஓட்டை அப்பட்டமாகத் தெரிகிறது. வழக்கமான கணக்கு, அந்தப் பதவிக்கு விழுந்த ஓட்டில் இருபது சதவீதம். பெர்ஸ்கிக்கு விழுந்த ஓட்டே இல்லையே! அதனால் சட்டம் வேறொரு கணக்கைக் கடன் வாங்குகிறது: கடைசிப் பொதுத்தேர்தலில் கவுண்டி அளவிலான பதவிகளில் மிகக் குறைந்த ஓட்டு விழுந்த பதவியின் எண்ணிக்கையில் இருபது சதவீதம். அப்படி வந்த எண் 58,634. 2018 ஜனவரியில் இயக்கத்தினர் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதற்கிடையே நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிக்கும் மாநில ஆணையம், 2016 டிசம்பரில், பெர்ஸ்கி பாரபட்சமாக நடந்துகொண்டதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டது. சட்டமன்றம் சட்டத்தையே திருத்தியது. சுயநினைவற்றவரை வன்கொடுமை செய்தால் கட்டாயச் சிறை என்ற திருத்தத்தில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் 2016 செப்டம்பரில் கையெழுத்திட்டார். அது கையெழுத்தாவதற்கு முன்பே, மூன்று மாதச் சிறையோடு டர்னர் வெளியே வந்துவிட்டார். 2018 ஜூன் 5-ல் அறுபது சதவீதத்துக்கும் மேலானவர்கள் பெர்ஸ்கியை நீக்க வாக்களித்தார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி ரீகால் ஆனது 1932-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அதே சீட்டிலேயே அவர் இடத்துக்கு சின்டி ஹென்ட்ரிக்சன் என்ற அரசு வக்கீலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தத் தண்டனை குறைவானது என்பதே என் எண்ணம். அந்தப் பெண் வாசித்ததைப் படித்தவர் வேறு முடிவுக்கு வருவது கடினம். ஆனால் ரீகால் என்பது ஒரு நீதிபதியோடு முடிகிற விஷயமில்லை. சான்ஃபோர்டு கார்டன், சிடக் யின்டிசோ என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் ஆறு கலிஃபோர்னியா கவுண்டிகளின் வழக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். ரீகால் அறிவிப்பு வந்ததையொட்டி மற்ற நீதிபதிகள் கொடுத்த தண்டனைகள் சட்டென்று கூடியிருந்தன. அந்த அறைகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் அல்ல. அரசு கொடுக்கும் இலவச வக்கீலோடு வருகிற ஏழைகள். ஒரு பணக்கார வீட்டுப் பையனுக்குக் கிடைத்த சலுகைக்கான விலையை அவர்கள் கொடுத்தார்கள். இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

பூட்டிய கதவை உடைத்துத் திறப்பதைவிட, கதவைப் பூட்டாமல் இருப்பது நல்லது. எதிர்த்து யாரும் நிற்காவிட்டாலும் நீதிபதியின் பெயர் அச்சாக வேண்டும், பக்கத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு வட்டங்களோடு. இது புதுமையான யோசனை இல்லை. இதே மாநிலத்தில் மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இப்படித்தான் நடக்கிறது. 1986-ல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் இன்னும் இருவரையும் மக்கள் அந்த 'இல்லை'யால்தான் வெளியேற்றினார்கள். அதிலும் அரசியல் நுழையும், பணம் நுழையும் என்பது உண்மை. ஆனால் அந்த நீதிபதிகளுக்காவது தங்கள் பெயர் என்று, எந்தச் சீட்டில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். தயார் செய்துகொள்ளலாம், பதில் சொல்லலாம். ஒரு கவுண்டி விரும்பினால் இந்த முறையைத் தன் விசாரணை நீதிபதிகளுக்கும் கொண்டுவரலாம் என்று மாநில அரசியல் சாசனத்தின் ஆறாம் பகுதியிலேயே எழுதியிருக்கிறது. கவுண்டி வாக்காளர்களில் பெரும்பான்மையினர் சம்மதித்தால் போதும்.

அதுவரை இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியது சில. சான் ஹோசே பெர்கர் டிரைவில் உள்ள தேர்தல் அலுவலகத்தில், விருப்ப அறிவிப்பு நாட்களில், எந்தெந்த இடங்களுக்குத் தேர்தல் வருகிறது, யார் யார் அறிவிப்பு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டால் கொடுப்பார்கள். அது பொது ஆவணம். நீதிபதி ஒருவர்மேல் பகிரங்க ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் மாநில ஆணையத்தின் இணையதளத்தில் பெயரோடு இருக்கும். எல்லாவற்றையும்விட நேரடியான வழி, போய்ப் பார்ப்பது. ஹெட்டிங் தெருவில் உள்ள கிரிமினல் நீதிமன்றக் கட்டடத்துக்குள் காலையில் பாதுகாப்புச் சோதனை முடிந்து யார் வேண்டுமானாலும் போகலாம். அடையாள அட்டை, காரணம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பக்கத்திலும் அறையின் எண்ணும் நீதிபதியின் பெயரும் எழுதியிருக்கும். பின் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், கைவிலங்கோடு வருகிறவரிடம் அவர் எப்படிப் பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் முடிக்கும் வரை காத்திருக்கிறாரா, ஜாமீன் தொகையைச் சொல்லும்போது கூண்டில் நிற்பவரைப் பார்த்துச் சொல்கிறாரா, காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறாரா என்று கவனிக்கலாம்.